சுவருக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். கையில் கடப்பாரை. ஷிப்ட் முடிந்து வந்தவர் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. புருவத்தில் பாறைத்தூள் அப்படியே இருக்கிறது.

“கொஞ்சம் யாரும் பேசாம இருங்க” என்கிறார்.

யாருமே பேசவில்லை. தூரத்தில் கல் இடிக்கிற மில் ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அது ராப்பகலாகப் பேசும். அதன் வாயை யார் மூடுவது?

கடப்பாரையின் மொட்டை முனையால் சுவரில் ஒரு தட்டு. கேட்டார். ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. மறுபடியும் காது. நாடி பார்க்கிற வைத்தியர்களுக்கு வருமே ஒரு பெரிய மனுஷத்தனம், அது அவர் முகத்தில் வந்துவிட்டது.

“கெட்டியா கீது. ஒண்ணியும் ஆவாது. சோத்த எடுத்து வை.”

மூலையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. “அதான் நானும் சொன்னேன்” என்றார்.

வீட்டின் வடக்கு மூலையில், ஓட்டுக்குக் கீழே தொடங்கித் தரை வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அந்த வீட்டிலேயே இருப்பதா, கிளம்பிவிடுவதா என்பதுதான் அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் இருந்த ஒரே கேள்வி. அதைக் கேட்கத்தான் எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

குலுங்கினால் எங்கே பார்ப்போம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயம் அது. தங்கவயல் ஊரிகத்தில், கம்பெனி கட்டிய லைன் வீடுகளெல்லாம் முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால் எங்கள் வீடு. கல் அஸ்திவாரம், அதற்கு மேல் மண் சுவர், நாட்டு ஓடு. என் மாமனார் உயிரோடு இருந்தபோது கட்டியது. நான் மருமகளாக வந்தபோது அவர் படமாகக்கூட இல்லை. அப்போது எங்களைப் போன்றவர்களை யார் படம் பிடித்தார்கள்?

தங்கவயலில் வீடு குலுங்குவது ஒரு செய்தியே அல்ல. கீழே, ஆழத்தில், தங்கம் எடுத்து வெறுமையாக்கிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை பாரம் தாங்காமல் படீரென்று தெறிக்கும். ஏர்பிளாஸ்ட் என்போம். மேலே இருக்கிற எங்களுக்கு வந்து சேருவது அதன் மிச்சம். காலடியில் ஓர் உதறல், பரணில் பாத்திரங்களின் கிணுகிணுப்பு, ஓட்டிலிருந்து சோற்றில் விழுகிற தூசி. சோற்றின் மேல்பக்கத்தை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவோம்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த உறவுக்காரர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். எதிர் வீட்டு முனியம்மாவுக்கு அதைப் பார்த்தால் கொண்டாட்டம்.

“இன்னாத்துக்கு ஓடற? ஓட வேண்டியவன் கீழ கீறான்” என்பாள்.

அப்படிச் சிரிக்கும்போதே அவள் கண் சுரங்கத்தின் வாயான ஷாப்ட் பக்கம் போய்விடும். எங்கள் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். மேலே சக்கரம் சுற்றுகிறதா, ஆட்களைத் தூக்கி வருகிற கேஜ் ஏறுகிறதா, ஆட்கள் ஓடுகிறார்களா என்று பார்ப்போம். வீடு குலுங்கினால் வீட்டைப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கீழே போனவன் மேலே வந்த பிறகுதான், ஐயோ சுவர் என்னாயிற்று என்று திரும்புவோம். அதற்குள் அலுத்துப் போயிருக்கும்.

அதனால் விரிசல் இல்லாத வீடே கிடையாது. விரிசல் தெரியாத வீடு என்றால் போன வாரம்தான் வெள்ளையடித்தார்கள் என்று அர்த்தம்.

பொட்டு

எந்த விரிசல் சும்மா இருக்கிறது, எந்த விரிசல் வளர்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பெண்களிடம் ஒரு வழி இருந்தது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, விரிசலின் இரண்டு கரையையும் தொடுகிற மாதிரி கட்டைவிரலால் ஒரு பொட்டு வைப்பார்கள். காய்ந்த பிறகு பொட்டு முழுசாகவே இருந்தால் விரிசல் தூங்குகிறது. பொட்டின் நடுவே கோடு விழுந்தால், “இத்துக்கு உசுரு கீது” என்பார்கள்.

கிறிஸ்தவர்கள் நெற்றியில் பொட்டு வைக்கக் கூடாதென்று எங்கள் உபதேசியார் ஞாயிறு தவறாமல் சொல்லுவார். அவர் வீட்டுச் சுவரில் மேலும் கீழுமாக ஒரு வரிசையே இருந்தது. கேட்டால், சுவருக்கு ஞானஸ்நானம் ஆகவில்லையே என்றார். நல்ல மனிதர்.

இன்றைக்கும் பங்காருபேட்டையில் என் மகள் வீட்டுத் தெருவில் யார் வீட்டிலாவது சுவர் விரிசல் விட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கவயலில் இருந்த கிழவி, விரிசலைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. முழங்கால் வலியோடு போய்ப் பார்க்கிறேன். “பயப்படலாமா வேணாமா, சொல்லுங்கம்மா” என்று கேட்கிறார்கள். பயப்படுவதற்கும் ஒரு அனுமதி வேண்டுமா என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்வேன்.

பொட்டில் ஒரு குறை இருந்தது. அது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. பொட்டு வைக்கிறவள் தரை மெழுகுகிறவள். சாணியும் தண்ணீருமாகக் குந்தியபடியே மெழுகிக்கொண்டு சுவரோரம் வருவாள். விரிசலைப் பார்ப்பாள். சுண்ணாம்பை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஊரிகத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் பொட்டுகள் இடுப்பு உயரத்தைத் தாண்டியிருக்காது.

எங்கள் வடக்கு மூலையில் அத்தை வைத்த பொட்டும் அந்த உயரத்தில்தான் இருந்தது. வைத்த நாளிலிருந்து தினமும் பார்த்தோம். ஒரு கீறல் விழவில்லை.

கொட்டகையிலிருந்து வந்தவர்கள்

எங்கள் அலுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கண்ணெதிரே சுவர் பிளக்கும்போது இவர்கள் ஏன் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள்.

அந்த மழைக்கு முந்தின கோடையில் பிளேக் வந்தது. எலி செத்து விழுந்த வீட்டையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் தட்டியும் ஓலையும் வைத்துக் கொட்டகைகள் போட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது நான்கு பேர். என் கணவர் ஞானமுத்து, அவர் அம்மா, அவர் தம்பி மாசிலாமணி, நான்.

மாசிலாமணி மில்லில் வேலை செய்தான். கலியாணம் ஆகவில்லை. சத்தம் போட்டுப் பேசுவான். மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், காது பாதி போயிருக்கும். எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு. “அண்ணி, குழம்புல உப்பு கொஞ்சம் கம்மி” என்று அவன் ரகசியமாகச் சொல்லுவதாக நினைத்துச் சொல்லுவது நாலு வீட்டுக்குக் கேட்கும்.

கொட்டகைக்குப் போன பிறகு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் கட்டி. மாட்டு வண்டியில் ஏற்றி, நோயாளிகளுக்கென்று இருந்த வேறு கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாரையும் விடமாட்டார்கள். போய்விட்டான் என்று பிறகு சொன்னார்கள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு, ஒரு பக்கமாகக் கையைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் முழுக்கப் புதுமண்ணாக இருந்தது.

அத்தை அழவில்லை. நம்பவும் இல்லை. அந்த நாளில் அங்கிருந்து பலபேர் தப்பி ஓடிக்கொண்டிருந்ததும் உண்மைதான். பங்காருபேட்டை ஸ்டேஷனில் மாசிலாமணி சாடையில் ஒரு பையனைப் பார்த்ததாக எவனோ ஒருவன் சொல்லிவிட்டான். யார் சொன்னான், எப்போது சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு அது போதுமாக இருந்தது. ரயில் ஏறி எங்கேயோ போயிருக்கிறான், பயம் தெளிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவான்.

என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். அத்தை ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கும் மனது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன்.

நாங்கள் வீடு திரும்பினபோது, வீட்டுக்கு வெயில் காட்டுவதற்காக வடக்குப் பக்கத்து ஓடுகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிளேக் வந்த வீடுகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். பிரித்தவர்கள் திரும்ப மேய்ந்து தரவில்லை. பாதி உடைந்திருந்தது. அவர் ஷிப்டுக்குப் போய் வந்து, முனியம்மாவின் புருஷனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இருந்ததைப் பொறுக்கி மேலே அடுக்கினார். குறைந்த இடத்தில் கித்தானை மடித்துச் செருகினார். அதைச் செய்யும்போது இரண்டு பேருக்கும் தூக்கம் கண்ணைச் சொருகிக்கொண்டிருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம் என்று பாய் விரித்துப் படுத்தோம். அவ்வளவு களைப்பை நான் வாழ்க்கையில் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை. உடம்புக் களைப்பு தூங்கினால் போகும். இது தூங்கினாலும் போகவில்லை. நான் பாடம் சொல்லிக்கொடுத்த மிஷன் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. திறந்தாலும், வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளைகளில் யார் யார் வருவார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால் நினைக்கவில்லை.

நான்கு விரல்

பிறகு மழை பிடித்தது. மழையோடு ஒருநாள் ஏர்பிளாஸ்டும் வந்தது. மறுநாள் வடக்கு மூலையில் விரிசல் தெரிந்தது. அதற்குமேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கீழேயிருந்து வந்தது, கீழேயே அடங்கும் என்று அத்தை பொட்டு வைத்தார்.

நான் பரணிலிருந்து சல்லடை எடுக்க உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். பிடிமானத்துக்குச் சுவரைத் தொட்டபோது விரல்கள் உள்ளே போயின. கீழே என் நகம் நுழையாத விரிசல் அது. மேலே நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துப் பார்த்தால், பிசைந்த மாவுபோல மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

சுவர் அங்கே வெளிப்பக்கமாகச் சாய்ந்து தனியே நின்றுகொண்டிருந்தது. பக்கத்துச் சுவரோடு இருந்த உறவை அறுத்துக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு அவர் வந்ததும் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கடப்பாரையும் காதும். அவர் டிம்பர் வேலைக்காரர். சுரங்கத்துக்குள் கூரைப் பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கிற வேலை. பாறையைத் தட்டினால் ‘கிண்’ என்று கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்டால் ஓட வேண்டும். அந்தக் காதினால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவரும் நெஞ்சு உயரத்தில்தான் தட்டினார்.

“மேல தட்டிப் பாருங்க” என்றேன்.

“மேல இன்னா, கீழ இன்னா? செவுரு ஒண்ணுதானே.”

“என் கை உள்ள பூந்துச்சுங்க. ஈரமா கீது.”

“மழ பேஞ்சா ஈரமாதான் இருக்கும். எஸ்தரு, ஒன்னு சொல்றேன் கேளு. நாள்பூரா கல்லப் பாத்துட்டு வரேன். வூட்லயும் வந்து கல்லப் பாக்க சொல்லாத.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர் குரலில் இருந்தது கெஞ்சல். தட்டை எடுத்து வைத்தேன்.

முட்டு

சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து பார்த்தார். சுவரைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் வரவில்லை. கூரையைப் பற்றி வந்துவிட்டது.

அது அவர் தொழில். சுரங்கத்தில் சாவு தலைக்கு மேலேயிருந்துதான் வரும். பக்கவாட்டுப் பாறையை யாரும் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. மறுநாள் வரும்போது யாரையோ கேட்டு வாங்கிய பழைய கட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல பருமன். அதை வடக்குச் சுவரிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி, குறுக்கு உத்தரத்துக்குக் கீழே நிறுத்தி, அடியில் கல் வைத்து, மேலே ஆப்பு அடித்து இறுக்கினார். சுரங்கத்தில் எப்படிச் செய்வாரோ அப்படியே.

“இப்ப மலையே வந்து குந்தினாலும் தாங்கும்” என்றார்.

வீட்டுக்கு நடுவே மரம் முளைத்த மாதிரி இருந்தது. பாய் விரிக்க இடமில்லை. நான் ஒவ்வொரு நடைக்கும் தோளில் இடித்துக்கொண்டேன். பிளந்துகொண்டு நிற்பது சுவர், இவர் கூரைக்கு வைத்தியம் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு அத்தையிடம் கேட்டேன். மழை விடுகிற வரைக்குமாவது முனியம்மா வீட்டில் போய் இருக்கலாம். அவள் வீடு மூங்கில் தட்டிக் குடிசை. விழுந்தால்கூட ஒரு கீறலோடு போகும்.

“நீ போ” என்றார்.

“நீங்க வராம நான் எப்டி அத்தே போவேன்?”

“அவன் வந்து பாக்கறப்ப வூடு பூட்டி கெடக்கணுமா?”

“முனியம்மா வூடு இதோ எதிர்லதானே கீது. வந்தா தெரியாதா?”

“வரவன் எதிர் வூட்டயா பாப்பான்? அவன் வூட்டதான் பாப்பான்.”

மாசிலாமணி இல்லை அத்தே என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நான் யார்? நான் பார்த்தேனா? நானும் கையைக் காட்டினவன் சொன்னதைக் கேட்டவள்தானே. உள்ளுக்குள் எனக்கே ஒரு மூலையில் ஆசை இருந்தது. திடீரென்று வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி “அண்ணி” என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று.

முனியம்மாவும் வந்து சொல்லிப் பார்த்தாள். “யக்கா, உயிரு இருந்தாதானே புள்ளய பாக்கலாம்” என்றாள். அத்தை கீழே கையை நீட்டிப் பொட்டைக் காட்டினார். “இத்தப் பாத்துட்டு பேசு.”

முனியம்மா குனிந்து பார்த்தாள். பொட்டு முழுசாக இருந்தது. பாவம், அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. “அது சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அத்தையை விட்டுவிட்டு நான் போகவில்லை. அதை ஏதோ தியாகம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். மறுபடியும் மூட்டை கட்ட எனக்கு மனமில்லை. கொட்டகைக்குக் கட்டிய மூட்டையே இன்னும் முழுசாகப் பிரிக்காமல் கிடந்தது.

வெயில் வந்த மத்தியானம்

மழை விட்டது. நல்ல வெயில் அடித்தது. ஓடுகளிலிருந்து ஆவி எழும்பிற்று. மழையில் நின்ற சுவர் இனிமேல் எங்கே விழப்போகிறது என்று நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். மண் சுவர் மழையில் விழுவதைவிட மழை விட்டு வெயில் வரும்போதுதான் அதிகம் விழும் என்பது பிறகு தெரிந்துகொண்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். நாள்கணக்காகக் காயாத துணி, புளித்த வாடை. உள்ளே அத்தை முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கையில் சேலையை உதறிக்கொண்டே திரும்பினேன். சுவர் மெதுவாக என் பக்கம் குனிந்தது. அப்படித்தான் சொல்ல முடியும். அவசரமே இல்லாமல் குனிந்து, அப்புறம் மொத்தமாகக் கவிழ்ந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. வண்டியிலிருந்து நனைந்த மூட்டையைத் தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. என் காலுக்கு ஓர் அடி முன்னால் வந்து மண் நின்றது.

“அத்தே!” என்று கத்தினேன். கூரையைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது கூரை அப்படியே இருந்தது. ஓரத்து ஓடுகள் சில சரிந்து விழுந்திருந்தன. உத்தரம் என் வீட்டுக்காரர் நிறுத்திய அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால், கட்டையிலிருந்து ஒரு கை தூரத்தில், அத்தை முறத்தை மடியில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவே சுவர் இல்லை. வெயில் நேராக அவர் மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். வரவில்லை. திமிறவும் இல்லை. மண் சாக்கைப் போல உட்கார்ந்திருந்தார். முனியம்மாவும் வந்து இரண்டு பேருமாகத் தூக்கித்தான் தெருவில் கொண்டுவந்து உட்கார வைத்தோம்.

பகல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்தார். முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. அப்புறம் அவர் கண் கட்டைக்குப் போயிற்று. பக்கத்தில் நின்றவன் அவர் தோளில் தட்டினான்.

“உன் முட்டுதான்யா காப்பாத்துச்சி! இல்லன்னா கூர மொத்தமும் கெழவி மேலதான்.”

அது உண்மைதான். தப்பான காரணத்துக்காக வைத்த முட்டு. அது இல்லாவிட்டால் நான் இதை எழுதுகிற விதமே வேறாக இருந்திருக்கும். அவருக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவில்லை. கீழே கிடந்த சுவரின் பக்கத்தில் குந்தி, ஒரு கட்டி மண்ணை எடுத்தார். சுவரின் தலைமாடு முழுக்கக் கறுத்து ஊறிக்கிடந்தது. கால்மாடு செம்மண் நிறத்தில் காய்ந்து கெட்டியாக இருந்தது. அண்ணாந்து, தன் கையால் கித்தானைச் செருகிய இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து இன்னமும் சொட்டிக்கொண்டிருந்தது.

“மேலேர்ந்து வந்துகீது” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

பாறையோடு பிழைக்கிற ஊர். எந்த விரிசலுக்கும் கீழேதான் காரணம் தேடுவோம். மழைத் தண்ணீர் ஓட்டுச் சந்து வழியாகச் சுவரின் தலையில் இறங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தை தெருவில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வருவானென்று அவர் காத்த வீடு இப்போது திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பு, கொடியில் தொங்கிய சட்டை, நடுவே கட்டை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஞானம்” என்று கூப்பிட்டார்.

“இன்னாம்மா.”

“நீ அவன பாத்தியாடா?”

கையிலிருந்த மண்கட்டியை அவர் நசுக்கிக்கொண்டே இருந்தார். எவனை என்று கேட்கவில்லை.

“பாத்தேம்மா.”

அதுவரைக்கும் அது எனக்கும் தெரியாது.

“எப்ப?”

“குழி தோண்ட ஆள் பத்தலன்னு என்னியே கூப்ட்டாங்க. போனப்புறந்தான் தெரிஞ்சுது அவன்னு.”

“நீயா மண்ணு போட்ட?”

“நான்தாம்மா போட்டேன். மொதல்ல என் துண்ட எடுத்து மொகத்துல மூடினேன். அப்பால போட்டேன்.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியேம்மா.”

அத்தை இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிளேக் கொட்டகையில் அழாத அழுகை, கோடை போய் மழை வந்து மழையும் விட்ட பிறகு வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் மண் கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தொட்டுத் தேற்றவில்லை. அவருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதம் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு கேஜில் இறங்கி ஏறியிருக்கிறார் என்று நினைத்தபோது, கடப்பாரையைப் பற்றி எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். விழுந்து கிடக்கிற சுவரைப் பார்த்தார்கள். மார்பில் அடித்துக்கொள்கிற அத்தையைப் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து அவர் முதுகைத் தடவினாள்.

“மண்ணு செவுருக்குப் போயி யாராவது இப்பிடி அழுவாங்களா? வுடுக்கா. நாங்கல்லாம் கூட வரோம், ஒரு வாரத்துல எழுப்பிப்புடலாம்.”

அத்தை அதற்குத் தலையை ஆட்டினார். அழுகையை நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் அவர்கள் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.